டிக்கியில் பேஸ் பெட்டி வைத்துப் பட்ட பாடு

கார் டிக்கிக்குள் சப்வூஃபருக்குப் பெட்டி அடித்து மாட்டும் தொழிலில் பலகை சொன்னபடி கேட்கும், ஒயர் சொன்னபடி கேட்கும், காரின் சொந்தக்காரர் மட்டும் கேட்கமாட்டார்.

கும்மிடிப்பூண்டியில், நெடுஞ்சாலையிலிருந்து தொழிற்பேட்டைக்குத் திரும்பும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் என் கடை. அதற்கு முன்பு பேட்டையில் ஒரு கம்பெனியில், வெளிநாட்டுக்கு அனுப்பும் மெஷின்களுக்கு மரப்பெட்டி அடித்துக்கொண்டிருந்தேன். அந்த மெஷின்கள் ஒருநாளும் என்னிடம் வாக்குவாதம் செய்ததில்லை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் புத்தி கெட்டுப்போய் இந்தக் கடையை ஆரம்பித்தேன். பலகை வேலை எனக்கு, ஒயர் வேலை என் கூட்டாளி பாஷா பாய்க்கு. நெஞ்சில் இடிக்கிற அந்தத் ‘தும் தும்’ சத்தம் வரவேண்டுமானால் ஸ்பீக்கரைக் காற்றுக் கசியாத பெட்டிக்குள் வைக்கவேண்டும். அந்தப் பெட்டி ஒவ்வொரு காருக்கும் ஒவ்வோர் அளவு. தையல்காரர்களே, பீரோ செய்பவர்களே, கல்யாணத்துக்குச் சமைப்பவர்களே, கேட்டபடி செய்துகொடுத்துவிட்டுக் கேட்டவரிடமே திட்டு வாங்கும் அத்தனை பேரே, உங்களுக்குத்தான் என் வயிற்றெரிச்சல் புரியும்.

வாய் சின்னது

எளாவூர் செக்போஸ்ட் பக்கத்தில் லாரிக்காரர்களுக்குப் புரோட்டாக் கடை நடத்துகிற ஒருவர் போன் செய்தார். “காரை மச்சான் எத்துக்கினு போயிட்டாருண்ணா. வர்றதுக்கு ரெண்டு நாள் ஆவும். நான் அளவு சொல்றேன், நீ பொட்டிய ரெடி பண்ணு. கார் வந்ததும் இட்டாந்து மாட்டிக்கினு போறேன்” என்றார். டிக்கிக்குள் எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம், எவ்வளவு உயரம் என்று எல்லாம் சொன்னார். டேப் வைத்து அளந்ததாகச் சத்தியமும் செய்தார். நான் மூன்று முறை கேட்டேன்: “டிக்கி வாய் எவ்ளோ?” மூன்று முறையும் ஒரே பதில்: “உள்ள எவ்ளோவோ அவ்ளோதாண்ணா வாயும்.” அந்த இடத்தில் போனை வைத்திருக்கவேண்டும். வைக்கவில்லை. தப்பு என்னுடையது.

இரண்டாம் நாள் காரோடு வந்தார். கூடவே நான்கு நண்பர்கள், ஒரு மாலை, சக்கரத்துக்கு அடியில் வைக்க எலுமிச்சம்பழம். பெட்டியை நேராக வைத்துத் தள்ளினோம். சாய்த்துத் தள்ளினோம். குப்புறப் போட்டுத் தள்ளினோம். பின்சீட்டைக் கழற்றி அந்தப் பக்கமாகவும் முயன்று பார்த்தோம். எதிர் டீக்கடையில் நின்றவர்கள் எல்லாம் கிளாஸோடு வந்து ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். எப்படித் திருப்பினாலும் வாய் நாலு விரற்கடை குறைச்சல். இரண்டு நாள் உழைப்பு, ரோட்டோரம் மாலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நான் வாய் திறப்பதற்குள் அவர் என் தோளில் கை போட்டு, என்னை மன்னிக்கிற மாதிரி சொன்னார்: “வுடுண்ணா, பொட்டி கரெக்டாத்தான் கீது. கார் கம்பெனிக்காரன்தான் வாயைச் சின்னதா வெச்சுட்டான். நீ அத்த கொஞ்சம் அறுத்து வுடு.”

இருபத்திரண்டு திருகு

அடுத்தவர் காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு ஆள் அனுப்பும் காண்ட்ராக்டர். ஐம்பது வயது இருக்கும். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கார். அவருடைய காரில் ஸ்டெப்னி டயர், டிக்கித் தரைக்கு அடியில் ஒரு குழிக்குள் இருந்தது. பெட்டியை அதன்மேல்தான் வைக்கவேண்டும். “ரெண்டே ரெண்டு போல்ட்டுல நிறுத்துறேன் சார். அவசரத்துக்குக் கையாலேயே திருகிப் பொட்டியத் தூக்கிடலாம்” என்றேன். அவர் ஒப்பவில்லை. “கையால தூக்குறா மாதிரி இருந்தா எவனாவது தூக்கிக்கினு பூடுவான். சுத்தி திருகு அடி” என்றார். டயரை எடுக்கமுடியாது என்று எடுத்துச் சொன்னேன். பாஷா பாயும் சொன்னார். “என் டயரு பஞ்சரே ஆவாது” என்றார். இருபத்திரண்டு திருகு அடித்து அனுப்பினேன்.

ஒரு மாசம் கழித்து, உச்சிவெயிலில் போன். மகனுக்குப் பெண் பார்க்கப் போகிற வழியில், பொன்னேரி தாண்டி டயர் பஞ்சர். “இன்னாய்யா வேல செஞ்சு வெச்சிருக்க? டயரை எடுக்க முடியல. உடனே கெளம்பி வா!” என்று ஒரே கத்தல். பைக்கில் போனேன். கருவேல மரத்து அரைநிழலில் பட்டுப்புடவைகள் வரிசையாக நின்றிருந்தன. ஒரு அம்மாள் பழத்தட்டை முந்தானையால் மூடிப் பிடித்துக்கொண்டு என்னைச் சபிக்கிற மாதிரி பார்த்தாள். மாப்பிள்ளைப் பையன் மட்டும் பாவம், எனக்குக் குடை பிடித்தான். டிக்கிக்குள் தலையை விட்டு, வியர்வை கண்ணில் இறங்க, இருபத்திரண்டு திருகையும் கழற்றினேன். பெட்டியை இறக்கி ஸ்டெப்னியை வெளியே எடுத்தால், அதிலும் காற்று இல்லை. வாங்கிய நாளிலிருந்து அதை அவர் தொட்டே பார்க்கவில்லை. கடைசியில் எல்லாரும் ஷேர் ஆட்டோவில் பெண் பார்க்கப் போனார்கள். ஆட்டோவில் ஏறுவதற்கு முன்னால் அவர் என் பக்கம் திரும்பி, கூட்டம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: “அம்மாம் பெரிய பொட்டிய மேல வெச்சு அமுக்கினா டயர்ல காத்து எப்டிய்யா நிக்கும்?”

பிரஷ்ஷைப் பிடுங்கியவர்

ஏழுமலை பழவேற்காட்டுக்காரர். என் வயதுதான். ஏரியில் இறால், நண்டு பிடிக்கிற குடும்பம். பழைய கார் ஒன்றை வாங்கி, பின்சீட்டில் ஐஸ் பெட்டியை வைத்துச் சரக்கு ஓட்டுவார். டிக்கியில் வூஃபர் கேட்டார், செய்துகொடுத்தேன். மூன்றே மாதத்தில் பெட்டியைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு வந்துவிட்டார். அமுக்கிச் செய்த மரத்தூள் பலகை அது. ஐஸ் உருகிய உப்புத்தண்ணீர் டிக்கிக்குள் இறங்கி, பலகை பன் ரொட்டி மாதிரி ஊதிப்போயிருந்தது. எனக்கு வந்தது கோபம். “மீன் தண்ணிய ஊத்திக்கினே இருந்தா எந்தப் பலகைய்யா தாங்கும்? சொல்லிட்டுச் செஞ்சிருக்கக் கூடாதா?” என்று கத்தினேன். அவர் பெட்டியைத் தோளிலிருந்து இறக்கிவைத்தார்.

சரி, இந்தத் தடவை ஃபைபரில் செய்துகொடுக்கலாம் என்று உட்கார்ந்தேன். கண்ணாடி நார்ப் பாயை விரித்து, ரெசின் பசையைக் கலக்கிப் பிரஷ்ஷால் பூசினேன். ஏழுமலை பெயிண்ட் டப்பாமேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒரு தடவை பூசினால் அவர் ஒரு தடவை ‘ப்ச்’ என்றார். நாலாவது ‘ப்ச்’சுக்கு எழுந்து வந்து என் கையிலிருந்த பிரஷ்ஷையே பிடுங்கிவிட்டார். என் கடையில், என் பிரஷ்ஷை! பாஷா பாய் வாயை மூடிக்கொண்டு சிரிக்கிறார். நான் சண்டைக்குப் போவதற்குள் ஏழுமலை நான் கலக்கிய ரெசினைக் கொட்டிவிட்டு, வெயிலுக்குத் தகுந்தபடி கட்டியாக்குகிற மருந்தைக் குறைத்து, வேறு கலக்கினார். நார்ப் பாய்க்கு அடியில் நான் விட்டிருந்த காற்றுக் குமிழை எல்லாம் விரலால் ஓரத்துக்கு ஒதுக்கி வெளியே தள்ளினார். ஏரிக்கரையில் உடைந்த ஃபைபர் படகுகளை ஒட்டிக்கொடுப்பவர் அவர்தான் என்று அப்புறம்தான் சொன்னார். ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டேன். “நீ எங்க பேச வுட்ட?” என்றார். அன்றைக்கு அவர் போட்ட பெட்டி இன்னும் ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. கையை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டே அவர் கேட்டார்: “படகுல தண்ணி உள்ள வரக்கூடாது, ஒம்பொட்டியில காத்து வெளிய போவக்கூடாது. ரெண்டும் ஒரே வேலதாம்ப்பா, நீ ஏன் இத்தினி கூலி வாங்கற?”

லொடலொடா

திருவள்ளூருக்குப் பக்கத்தில், திருப்பாச்சூர் தாண்டி நெல் நிலம் வைத்திருக்கிற ஒரு நாயக்கர். பெட்டி மாட்டிய மறுவாரமே அவ்வளவு தூரத்திலிருந்து வந்து இறங்கினார். பாட்டு போட்டால் பின்னால் ‘லொடலொடா’ என்கிறதாம். பெட்டியை இறுக்கினேன். அடுத்த வாரம் மறுபடி வந்தார். பெட்டியைப் பிரித்து ஒட்டினேன். மூன்றாவது வாரம் வந்தபோது கடையில் வேறு மூன்று பேர் நின்றிருந்தார்கள். அவர்களிடமே சொல்ல ஆரம்பித்துவிட்டார்: “நைனா, டப்பு தண்டம், குடுத்த காசு வேஸ்ட்டு. இவன்கிட்ட செய்யாதீங்க. பொட்டி அடிக்கத் தெரியாதவன்.” வந்த மூன்று பேரில் இரண்டு பேர் அப்படியே திரும்பிப் போனார்கள்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. டிக்கிக்குள் நானே ஏறிப் படுத்து, கதவை மூடச் சொன்னேன். பாஷா பாய் பாட்டை அலறவிட்டு, பேட்டையின் மேடு பள்ளமான ரோட்டில் காரை ஓட்டினார். உள்ளே கும்மிருட்டு, வெந்துபோகிற சூடு, காதுக்குப் பக்கத்தில் இடி. ஒரு மனிதன் தன் பேரைக் காப்பாற்றிக்கொள்ள என்னவெல்லாம் செய்யவேண்டியிருக்கிறது பாருங்கள். ஆனால் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்தேன். பெட்டியிலிருந்து இல்லை. ஜாக்கி வைக்கிற பக்கவாட்டுப் பொந்துக்குள், பின்விளக்குக்குக் கீழே, எதுவோ உருண்டது. கையை விட்டு இழுத்தால், டிராக்டரில் டிரெய்லரைக் கோக்கும் இரும்பு முளை. முழங்கை நீளம். அதை அவர் முகத்துக்கு நேரே நீட்டி, “இது நான் அடிச்ச பொட்டியா சார்?” என்று கேட்டேன். நாயக்கர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் சுருங்கிப்போயிற்று. என்னிடம் மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நெஞ்சை நிமிர்த்தி நின்றேன். அவர் சொன்னார்: “அடக் கடவுளே, இத்தத் திருடிட்டான்னு என் தம்பிகிட்ட ஒரு மாசமா பேசாம கீறேன்யா!”

ஒற்றை நட்சத்திரம்

கேஸில் ஓடும் டாக்சி வைத்திருந்தவர் ஒருவர் வந்தார். டிக்கி முழுக்க கேஸ் சிலிண்டர் படுத்திருந்தது. அதை இரும்புப் பட்டையிலிருந்து கழற்றிப் பின்னால் பம்பர் பக்கமாக ஒதுக்கி, யார் கண்ணுக்கும் தெரியாமல் பலகையால் மூடி, முன்னால் வூஃபரை நிறுத்தவேண்டுமாம். முடியாது என்றேன். “சிலிண்டரை நகத்துற வேல எங்க வேலயில்ல. கேஸு ஒழுகிப் பலகைக்குள்ள நின்னா என்னாவும் தெரியுமா? ஒயர்ல ஒரு பொறி போதும்” என்றேன். பயந்தாங்கொள்ளி என்று என்னைத் திட்டிவிட்டு, வேறெங்கோ போய் அப்படியே செய்துகொண்டார். அதோடு விட்டாரா? போனில், மேப்பில் இருக்கிற என் கடைப் பக்கத்துக்குப் போய், ஒரே ஒரு நட்சத்திரம் போட்டு, ‘வேலை தெரியாதவர்’ என்று எழுதினார். அந்த ஒற்றை நட்சத்திரம் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

பத்து நாள் கழித்து அதே கார் வந்து நின்றது. ஓட்டி வந்தது அவர் மனைவி. பேட்டையில் பேக்கிங் வேலைக்குப் போகிற பெண், யூனிபார்ம் கூட மாற்றவில்லை. பின்சீட்டில் மூன்று வயசுக் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. “வண்டியில ஒரே நாத்தமா அடிக்குதுண்ணா. அவரு ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்றாரு” என்றாள். கதவைத் திறந்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. குழந்தையைத் தூக்கி அவள் கையில் கொடுத்து டீக்கடைப் பக்கம் போகச் சொன்னேன். பாஷா பாயும் நானும் காரைத் தள்ளிக்கொண்டுபோய் எதிர் காலியிடத்தில் நிறுத்தி, எல்லாக் கதவையும் திறந்துவைத்து, சிலிண்டர் வால்வை மூடினோம். அரைமணி நேரம் யாரையும் பக்கத்தில் விடவில்லை. அப்புறம் பலகையைப் பிரித்தால், சிலிண்டரை நைலான் பட்டையால் கட்டியிருக்கிறான் அந்தப் புண்ணியவான். ஒரு திருகின் முனை கேஸ் குழாயில் உரசிக்கொண்டிருந்தது. அங்கேயே நின்று, யாரென்றே தெரியாத அந்தத் தொழில்காரனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். கேஸ் வேலை தெரிந்தவரை வரவழைத்து, எல்லாவற்றையும் சரிசெய்து பழைய இடத்தில் மாட்டச் சொன்னோம். அதற்குள் புருஷன்காரர் போன் செய்து, வூஃபரை மட்டும் எடுக்கக்கூடாது என்று சத்தம் போட்டார். அந்தப் பெண் என் கையிலிருந்து போனை வாங்கினாள். குரலைக்கூட உயர்த்தவில்லை: “ஒனக்குப் பாட்டு வேணும்னா ஊட்டுக்கு வா, நான் பாடறேன். இந்த வண்டியில எம்புள்ள போவுது.”

இன்னும் கொஞ்சம்

தனசேகர் பேட்டையில் தகடு அடிக்கும் பிரஸ் மெஷினில் வேலை செய்பவர். நாற்பத்தைந்து வயது, சின்னதாக ஒரு பழைய கார். பெட்டி மாட்டிய பிறகு நான்கு தடவை வந்தார். நான்கு தடவையும் ஒரே கோரிக்கை: “பேஸ் இன்னும் கொஞ்சம் ஏத்துண்ணா.” ஏற்றினோம். அவர் தெருக்காரர்கள் இரண்டு பேர் என் கடைக்கே வந்து, கண்ணாடி அதிர்கிறது, கைக்குழந்தை தூங்கவில்லை என்று முறையிட்டார்கள். எனக்குப் பேஜாராகிவிட்டது. நாலாவது தடவை அவரை நிற்கவைத்துப் பேசினேன், தெருவில் மனுஷங்க இருக்கவேண்டாமா என்று கேட்டேன். அவர் என் முகத்தையே பார்த்துச் சிரித்துக்கொண்டு, “ஆமாண்ணா, நாஷ்டா ஆச்சு, இட்லி துன்னேன்” என்றார். என்னைக் கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன். அவர் போய்ப் பின்சீட்டில் உட்கார்ந்ததும் டிக்கிக்குள் குனிந்து ஆம்ப்ளிஃபயர் ஒயரைப் பிடுங்கி எறிந்துவிட்டு, “எறங்குய்யா, எறங்கு! ஒம் பொட்டியும் வேணாம் ஒண்ணும் வேணாம்!” என்று கத்தினேன். எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். தனசேகர் திரும்பக்கூட இல்லை. பாஷா பாய்தான் என் கையைப் பிடித்தார். “வேலு, கத்தாத. அவருக்குக் காது கேக்கல” என்றார்.

எனக்குத் தலை கவிழ்ந்துபோயிற்று. எதிரில் போய் உட்கார்ந்து, உதடு தெரியும்படி மெதுவாகப் பேசினேன். பதினெட்டு வருஷம் அந்தப் பிரஸ் பக்கத்தில் நின்றிருக்கிறார். காதில் வைக்க ஒன்றும் கொடுக்கவில்லை. கேட்டதற்குப் பஞ்சு வைத்துக்கொள் என்று சூப்பர்வைசர் சொன்னாராம். முதலில் குயில் சத்தம் போயிற்று, அப்புறம் போன் மணி, அப்புறம் வீட்டில் பேசுவது. கம்பெனியில் எழுதிக்கொடுத்தீர்களா என்றேன். “எழுதிக் குடுத்தா நாளைக்கே கேட்டுக்கு வெளிய நிக்கணும்ணா. பொண்ணு காலேஜு படிக்குது” என்றார். ஒரு மனுஷனின் காதை எடுத்துக்கொண்டவர்கள் ஏசி ரூமில் உட்கார்ந்திருக்க, நான் அவரைப் பிடித்து மிரட்டியிருக்கிறேன். யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. கோபத்தை வேலையில் காட்டினேன்.

வழக்கமாக, அதிர்வு காரின் உடம்புக்குப் போகாமல் இருக்கப் பெட்டிக்கும் இரும்புக்கும் நடுவில் ரப்பர் வைப்போம். தனசேகர் பெட்டிக்கு நான் ரப்பரை எடுத்துவிட்டேன். பின்சீட்டின் முதுகுச் சட்டத்தோடு பெட்டியைச் சேர்த்து நாலு போல்ட்டில் முடுக்கினேன். சத்தத்தை ஏற்றவில்லை, பாதிக்குக் கீழே இறக்கினேன். தெருவுக்குக் கேட்காது. பின்சீட்டில் அவரை உட்காரவைத்துப் பாஷா பாய் பாட்டைப் போட்டார். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு தனசேகர் சீட்டில் நன்றாகச் சாய்ந்தார். கண்ணை மூடினார். விரல் தொடையில் தாளம் போட ஆரம்பித்தது, ஒரு அடி பிசகவில்லை. பாஷா பாய் வேண்டுமென்றே பாட்டை மாற்றினார். விரல் ஒரு நொடி நின்றது, புதுத் தாளத்தைப் பிடித்துக்கொண்டது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, தன் குரலின் அளவு தனக்கே தெரியாமல், ரோடு முழுக்கக் கேட்கும்படி அவர் சொன்னார்: “காதுல கேக்கலண்ணா, முதுவுல கேக்குது! பாட்டு மாறினதுகூடத் தெரியுதுண்ணா!”

இத்தனை பேர் டிக்கியை அதிரவைத்த உன் காரில் என்ன பெட்டி வைத்திருக்கிறாய் என்று கேட்பீர்கள்: வாங்கும்போது கம்பெனிக்காரன் போட்டுக்கொடுத்த ரேடியோதான் இருக்கிறது, அதையும் நான் போடுவதே இல்லை.